டர்பனில் ஒரு குறும்படம்: ஆயாவின் அடுப்படியிலிருந்து இணையம் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆயா, அதாவது பாட்டி, இருக்கிறார். பிறந்து வளர்ந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். ஆயா அந்தக் கதையைப் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்வார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் புரியாது. சென்னையிலிருந்து வந்த என் நண்பருக்கு அந்த டர்பன் இங்கிலீஷ் பிடிபடவில்லை. இந்த இரண்டு தரப்பையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கதையைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் குறும்படத்துக்கு வந்தேன்.

குறும்படத்துக்கு டிக்கெட் எடுத்து வருகிறவர் எந்த ஊரிலும் குறைவு. இணையம் வந்தபிறகுதான் அதற்கென்று ஒரு திரை கிடைத்தது. தமிழ்நாட்டில் பாலாஜி மோகன் எடுத்த ஒரு குறும்படம் யூடியூபில் பரவி, 2012-ல் அவரே அதை முழுநீளப் படமாக எடுத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். நாம் அந்த அளவுக்குப் போகிறோமோ இல்லையோ, கையில் ஒரு போனும் ஒரு கதையும் நாலு ஆட்களும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு காதில் விழாவிட்டாலோ, விழுந்தும் புரியாவிட்டாலோ விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கை ஒலிக்கும் சப்டைட்டிலுக்கும் ஒதுக்குங்கள். கேமரா அதற்கு அப்புறம்.

விழாவா, இணையமா?

கேமராவைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடந்துவருகிறது. நம் ஊரிலேயே நடப்பதால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண் இருக்கும். ஆனால் விழாக்களில் பல, இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தை எடுத்துக்கொள்வதில்லை. விழாவுக்குப் போய்விட்டு இணையத்துக்கு வரலாம், இணையத்தில் போட்டுவிட்டு விழாவுக்குப் போவது கஷ்டம். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு விழாவின் விதிகளையும் தனித்தனியாகப் படியுங்கள்.

விழாச் சுற்று என்றால் ஒரு வருடம் ஓடிவிடும். கதை சொன்னவருக்கு வயது 85 என்றால் அந்த ஒரு வருடம் பெரிய விஷயம். நான் நேராக இணையத்துக்குத்தான் போவேன்.

நீளம்? ஆஸ்கர் விதிப்படி டைட்டில் எல்லாம் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். இணையத்துக்கு அது ரொம்ப அதிகம். முதல் படம் 6 முதல் 10 நிமிடத்துக்குள் இருக்கட்டும். யூடியூபில் போன் எண் கொடுத்துக் கணக்கை உறுதிசெய்யாதவர்கள் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, அதையும் இப்போதே செய்துவிடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து மூன்று நிமிடத்துக்குள் எடுத்தால் அது ஷார்ட்ஸ் வரிசைக்குப் போகும். முன்னோட்டத்துக்கு அது போதும், கதைக்குப் போனைப் படுக்கவைத்தே எடுங்கள். விழாத் தேர்வாளர்களுக்கு மட்டும் கடவுச்சொல்லோடு காட்ட விமியோ என்ற வீடியோ தளம் வசதியானது. ஊரும் உறவும் பார்க்க யூடியூப்.

கதை: ஒரு வீடு, இரண்டு பேர், ஒரு காலை

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். இத்தனையையும் பத்து நிமிடத்தில் சொல்ல ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அப்படி எடுத்தால் கடல், கப்பல், கரும்புக்காடு, புல்லாங்குழல் என்று எல்லாருடைய படமும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் ஆயாவின் அடுப்படி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. ஆடி வெள்ளிக்கிழமை. இங்கே ஆடி குளிர்காலம், ஜூலையில் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஆயா விடியுமுன்னே எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறார். ஜோஹன்னஸ்பர்க்குக் கிளம்ப வேண்டிய பேரன், தோளில் பையோடு அடுப்படி வாசலில் நிற்கிறான்.

"கைய கழுவிட்டு வா. கரண்டிய புடி."

"ஆயா, ஐம் லேட்."

"கூழு லேட் ஆவாது. கிண்டு."

பேரன் பையைக் கீழே வைக்கிறானா இல்லையா, அவ்வளவுதான் கதை. மேகசின் பேரக்ஸ், கப்பல், சட்டம் எல்லாம் அந்தக் கூழ் கொதிக்கிற நேரத்தில் ஆயா வாயிலிருந்து ஒன்றிரண்டு வரியாக வந்தால் போதும். செட் போட வேண்டாம், வாடகை இல்லை, ஒரே நாளில் எடுத்து முடிக்கலாம்.

எழுதியதை வாய்விட்டுப் படித்து, போனில் நேரம் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழ் வசனத்துக்குச் சரியாக வருவதில்லை. ஆயாவை நடிக்க வைப்பதாக இருந்தால் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். விஷயத்தைச் சொல்லுங்கள், வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

பழைய புகைப்படங்கள் வேண்டுமென்றால் டர்பனில் உள்ள 1860 பாரம்பரிய மையத்திலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்திலும் கேளுங்கள். படத்தில் காட்டவும் இணையத்தில் வெளியிடவும் அனுமதி வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

கையெழுத்து வாங்குங்கள்

முகம் தெரிகிற எல்லாரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள்: இணையத்தில், காலவரையின்றி, எந்த நாட்டிலும் காட்டலாம் என்று. சொந்தக்காரர்தானே என்று விடாதீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் படத்தை ஒரு சித்தப்பாவின் மனவருத்தம் இறக்கிவிடும். கோயிலில் எடுப்பதென்றால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி; கடற்கரை, பொது வீதி என்றால் டர்பன் ஃபிலிம் ஆபீஸிடம் கேளுங்கள். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டத்தைப் பார்த்தால் ட்ரோன் பறக்கவிடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். சம்பந்தமில்லாத ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளித்தான் பறக்க வேண்டும் என்பது இங்கே விதி, அந்தக் கூட்டத்தில் அதற்கு வழியே இல்லை.

படத்தின் உரிமை யாருக்கு? தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டம், படத்தை எடுப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே அதன் ஆசிரியராகப் பார்க்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து செய்தால் அந்த ஏற்பாட்டாளர் யார் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். வணிக நோக்கில் இணையத்தில் படம் விநியோகிப்பவர்களுக்கு படங்களைத் தரம்பிரிக்கும் ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டின் விதிகள் உண்டு. அதற்கான திருத்தச் சட்டம் 2022 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு காட்டும் திட்டம் இருந்தால் போர்டுக்கு எழுதிக் கேட்டுவிட்டே அடுத்த அடி வையுங்கள்.

ஷூட்டிங்: 25 என்ற எண்

தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குகின்றன. போன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும்படி வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகாதபோது, அடுப்படிச் சுவரில் மங்கலான பட்டைகள் மேலும் கீழும் ஓடும். எடுக்கும்போது சின்னத் திரையில் அது தெரியாது, வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால்தான் தெரியும். என் முதல் படத்தில் ஒரு முழு இரவுக் காட்சி இப்படிப் போனது. அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் நொடியில் 50-ல் ஒரு பங்கு. போனில் உள்ள கேமரா இதற்கு இடம்கொடுக்காவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். ஆயாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். கூழிலிருந்து எழும் ஆவி பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் தெரியும், அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் ஜன்னல் பானைக்குப் பின்னால் வருகிற மாதிரி கேமராவை நகர்த்துங்கள்.

ஒலி: இங்கே அவசரம் வேண்டாம்

போனில் உள்ள மைக்கில் வசனத்தை எடுக்காதீர்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், சில நூறு ராண்டில் கிடைக்கிறது. அதை இன்னொரு போனில் செருகி, அந்தப் போனை ஆயாவின் இடுப்பிலோ மடியிலோ வைத்துத் தனியாகப் பதிவு செய்யலாம். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன்னால் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் சேர்க்க அதுதான் அடையாளம். மைக்கைப் புடவையின் கஞ்சி போட்ட மடிப்பில் குத்தினால் சரசரவென்று வரும். ரவிக்கையின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் வைத்து ஒட்டுங்கள். தாலிச் சங்கிலி மைக்கில் மோதுகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் அறை. ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு உங்கள் கார் சாவியை அதற்குள் வையுங்கள். வீட்டுக்குப் போகச் சாவி தேடும்போது திரும்பப் போட ஞாபகம் வரும். ஒலிப்பதிவு செய்கிறவர்களிடம் கற்றது இது, ஒருநாளும் பொய்த்ததில்லை. தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் வசனம் எடுக்க முடியாது. ஆடியில் மழை குறைவு, அது நமக்கு வசதி.

ஹடீடாவைச் சொல்லாமல் விட முடியாது. விடியலிலும் பொழுது சாயும்போதும் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் அந்தப் பறவை டர்பன்காரர் எல்லாருக்கும் பழக்கம். நம் காது அதைத் தள்ளிவிடும், மைக் தள்ளாது. நல்ல டேக்கின் நடுவில் வந்தால் நிறுத்தாமல் ஓடவிடுங்கள், முடிந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஹடீடா குரலையும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். டொரன்டோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்ட டர்பன் பிள்ளைக்குப் படத்தின் முதல் நொடியில் அந்தச் சத்தம் கேட்டால் வேறு எந்த அறிமுகமும் தேவைப்படாது.

கிளம்புவதற்கு முன் எல்லாரும் வாய் மூடி நிற்க, வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டுத் தெரியாமல் ஒட்ட அது வேண்டும்.

எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். முதல் 20 நொடியில் டைட்டில், நன்றி, லோகோ எதுவும் வேண்டாம். நேராகக் கூழ் கிண்டும் கை. நன்றி எல்லாம் கடைசியில். ஒலியின் அளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அருகில் வையுங்கள். அதைவிடச் சத்தமாக இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும், மெல்லியதாக இருந்தால் கூட்டித் தராது. கடைசியாக ஒருமுறை மலிவான போனின் ஸ்பீக்கரில், தெருச் சத்தத்தின் நடுவே போட்டுக் கேளுங்கள். பலரும் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள்.

சப்டைட்டில்: மூன்று தலைமுறை உட்காரும் திண்ணை

இரண்டு சப்டைட்டில் கோப்புகள் வேண்டும். இங்கிலீஷ் ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கும் மற்ற உலகத்துக்கும். தமிழ் ஒன்று, ஆயா பேசும் டர்பன் இங்கிலீஷ் புரியாத தமிழர்களுக்கு. காது மந்தமான பெரியவர்களுக்கும் அது உதவும். படத்தின் மேலேயே எழுத்தை ஒட்டிவிடாதீர்கள். வசனமும் அது வரும் நேரமும் எழுதிய எஸ்ஆர்டி கோப்பாகத் தனியே ஏற்றினால் பார்ப்பவர் தனக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்வார், பிழையைப் பிறகு திருத்தவும் முடியும். வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் முன்னோட்டத்தில் மட்டும் எழுத்தை ஒட்டித்தான் ஆக வேண்டும், அங்கே தேர்ந்துகொள்ள வழியில்லை.

மொழிபெயர்க்கும்போது ஒரு சொல்லில் நாங்கள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம். கூழ். டர்பனில் ஆடி வழிபாட்டையே 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அதனால் இங்கிலீஷில் 'போரிட்ஜ்' என்று போட்டோம். கேப்டவுனில் படம் பார்த்த ஒருவர், ஆயா ஏன் விடியற்காலையில் ஓட்ஸ் காய்ச்சுகிறார் என்று கேட்டார். திருத்தினோம். முதல் தடவை 'கூழ்' என்றே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, அதே வரியில் அம்மனுக்குப் படைப்பது என்று வரும்படி வசனத்தை அமைத்தோம். அடுத்த தடவைகளில் வெறும் 'கூழ்'. 'ஆயா', 'தாத்தா' போன்ற உறவுச் சொற்களையும் அப்படியே விடுங்கள். 'கூழு லேட் ஆவாது' என்பதைத் தமிழ் சப்டைட்டிலில் 'கூழ் தாமதமாகாது' என்று திருத்தி எழுதினால் ஆயாவின் குரல் செத்துவிடும். அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

ஒரு வரியில் ஐந்தாறு தமிழ்ச் சொல், மொத்தம் இரண்டு வரி, ஒரு நொடிக்குக் குறையாமலும் ஏழு நொடிக்கு மேற்படாமலும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமியுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் திரையில் கண்டபடி குறிகள்தான் வரும், யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தானாக உருவாகும் சப்டைட்டில், வாக்கியத்தின் நடுவில் மொழி மாறுகிற நம் பேச்சில் தடுமாறும். நேரக் குறியீட்டுக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொண்டு சொற்களை நீங்களே எழுதுங்கள்.

படத்துக்குள் வரும் தமிழ் டைட்டிலில் இன்னொரு கண்ணி. சில எடிட்டிங் மென்பொருள்களில் 'கொ' என்று தட்டினால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு க-வுக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அடோபி பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றினால் சரியாகும். வேறெங்கும் சரிவராவிட்டால் டைட்டிலை வேறு செயலியில் படமாகச் செய்து உள்ளே வையுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். கொக்கு, மௌனம், ஸ்ரீ என்று மூன்று சொல்லைத் தட்டிச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பாட்டு

காவடித் திருவிழாவில் நான் எடுத்த ஐந்து நிமிடப் படம் ஒன்று, ஏற்றிய அன்றே உரிமைக் கோரிக்கையில் மாட்டியது. நான் பாட்டே சேர்க்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாட்டு, ஆட்கள் பேசுவதற்குப் பின்னால் மெல்லக் கேட்டிருக்கிறது. அது போதுமாக இருந்தது. வசனத்தோடு கலந்துவிட்டதால் பாட்டை மட்டும் நீக்கவும் முடியவில்லை. அந்தக் காட்சியே போனது.

தேவாரமும் திருப்புகழும் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி அவருக்கோ அவர் நிறுவனத்துக்கோ சொந்தம். அதனால் நீங்களே பாடுங்கள். ஆயாவின் குரலில் கொஞ்சம் சுருதி விலகிய மாரியம்மன் தாலாட்டு, எந்த ஸ்டூடியோ இசையையும்விட இந்தப் படத்துக்குப் பொருந்தும். உடுக்கையோ மிருதங்கமோ வாசிக்கும் பிள்ளைகள் கோயிலில் இருப்பார்கள். அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதும் வெளியிடுவதும்

வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, தெளிவு 1080பி, அளவு நொடிக்கு 8 மெகாபிட். யூடியூப் பரிந்துரைப்பது இதுதான். பத்து நிமிடப் படம் சுமார் 600 எம்பி வரும். மொபைல் டேட்டாவில் ஏற்றினால் பணம் கரையும். ஃபைபர் இருக்கும் வீட்டிலோ நூலகத்திலோ ஏற்றுங்கள். 2023-ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போகும் அட்டவணையைப் பார்த்துத்தான் ஏற்றுவோம். இப்போது நிலைமை தேவலை, இருந்தாலும் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் நிம்மதி.

முதலில் அன்லிஸ்டட் என்ற நிலையில், அதாவது இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி, போடுங்கள். ஏற்றியவுடன் தெளிவு குறைந்த பதிப்புதான் வரும், முழுத் தெளிவு வர நேரமாகும். அதற்குள் இணைப்பைப் பரப்பினால் எல்லாரும் மங்கலாகத்தான் பார்ப்பார்கள். உரிமைக் கோரிக்கை ஏதும் இருந்தால் அதுவும் இந்த இடைவெளியில் தெரிந்துவிடும். தலைப்பையும் விவரத்தையும் இரண்டு மொழியிலும் தனித்தனியாகக் கொடுக்க யூடியூபில் வசதி இருக்கிறது. முகப்புப் படத்துக்கு ஆயாவின் முகம், பெரிதாக. எழுத்து இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

நேரம்: சனிக்கிழமை மாலை 4.30. அப்போது மொரீசியஸில் 6.30, சென்னையில் இரவு 8, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10.30, லண்டனில் பிற்பகல், டொரன்டோவில் காலை. தமிழர்கள் இருக்கும் ஊர்களில் முக்கால்வாசி விழித்திருக்கும். முதல் நாள் எங்களுக்குப் பார்வையாளர்கள் வந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் கோயில் குழுக்களிலிருந்தும்தான். பத்துக் குழுவுக்கு ஒரே செய்தியை அனுப்பாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி மாற்றி எழுதுங்கள்: பேரக்ஸில் இருந்த குடும்பங்களுக்கு ஒரு விதமாக, சென்னை நண்பர்களுக்கு ஒரு விதமாக. முதல் வாரம் வரும் கருத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். எங்கள் படத்தின் கீழே ஒருவர், "இந்த அம்மாவின் தண்ணிக்குழாய்க்குப் பக்கத்து வீடு எங்களுடையது" என்று எழுதியிருந்தார். அடுத்த படம் அந்த வீட்டில்தான் எடுத்தோம்.

வருமானத்தை இப்போது கணக்கில் வைக்காதீர்கள். விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பத்து நிமிடப் படத்தை 24,000 தடவை முழுதாகப் பார்த்தால்தான் அந்த மணிக்கணக்கு வரும்.

பப்ளிக் என்று மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. படத்தைப் பென்டிரைவில் போட்டு ஆயாவின் வீட்டு டிவியில் முதலில் அவருக்குக் காட்டுங்கள். இந்த வரி வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள், விவாதம் வேண்டாம். பென்டிரைவை அவர் வீட்டிலேயே விட்டு வாருங்கள். வெட்டாத முழுப் பதிவுகளை, தேதியும் பெயரும் எழுதி, இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.